மருமகளின் கால்

“எங்கம்மா தட்டுல கை வைக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?”

என் மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று கத்தினாள். கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்த மருமகளின் வாயில் பாலில் நனைத்த ரொட்டி. அவளால் மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கட்டிலில் என் மனைவி கைகளை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் காலி.

“அப்பா சொன்னப்போ நான் நம்பல. இப்ப கண்ணால பாத்துட்டேன்.”

சொன்னது நான்தான். முந்தின நாள் போன் போட்டு, “மத்தியானம் ஒரு மணிக்கு வா, கையும் களவுமா மாட்டுவா” என்று நேரமும் குறித்துக் கொடுத்தது நான்தான்.

நான் ஒரு நூல் மில்லின் கேட்டில் முப்பத்தோரு வருஷம் நின்றவன். ஷிப்டு முடிந்து வெளியே போகிற பெண்களின் பையையும் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் திறந்து பார்ப்பது என் வேலை. பிடித்தது மொத்தம் ஏழு பேரை. சந்தேகப்பட்டது எல்லாரையும். வேலையை விட்டு வந்த பிறகு எனக்குப் பார்க்க ஒரு பைகூடக் கிடைக்கவில்லை. வீட்டில் இருந்தது மருமகள் ஒருத்திதான்.

என் மனைவி பள்ளிக்கூட ஹாஸ்டல் ஒன்றில் இருநூறு பிள்ளைகளுக்குச் சமைத்தவள். நாலு வருஷத்துக்கு முன்னால் மறதி வந்தது. முதலில் உப்பு எங்கே என்றாள். அப்புறம் இது யார் வீடு என்றாள். ஒரு நாள் காலையில் என்னைப் பார்த்து, “வாட்ச்மேன், இங்க பொம்பளைங்க இருக்கோம், வெளிய போய் நில்லு” என்றாள். டாக்டர் அந்த நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். என் வாயில் அது நுழையவில்லை.

ஒரு தடவை அவள் தன்பாட்டுக்கு நடந்து மெயின் ரோட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு மகன், “இனிமே வீட்ல ஒரு ஆள் இருந்தாகணும்” என்றான். நான் அங்கேதான் இருந்தேன். முழங்கால் வலிகூட இல்லாத உடம்பு. நாள் முழுக்க வீட்டில் இருப்பவனும் நான்தான். ஆனாலும் எல்லாரும் திரும்பிப் பார்த்தது மருமகளை. நானும் அவளைத்தான் பார்த்தேன். அவள் சட்டைக் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த மாசக் கடைசியில் நின்றுவிட்டாள். அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். அப்படி எடுத்துக்கொள்வது எங்களுக்குச் சௌகரியமாக இருந்தது.

அப்புறம் நான் அவளைப் பார்க்க ஆரம்பித்தேன்.

தட்டில் ஆறு துண்டு ரொட்டி போகும், இரண்டு அவள் வாய்க்குள் போய்விடும். சர்க்கரை போட்ட பாலில் கால் டம்ளர் அவள் குடித்துவிடுவாள். மாமியார் இளைத்துக்கொண்டே போக, இவள் முகம் மட்டும் உப்பிக்கொண்டே வந்தது. அடிக்கடி பாத்ரூம் போவாள். கதவைச் சாத்தாமல் போவாள். மாமனார் இருக்கிற வீட்டில் இதென்ன பழக்கம் என்று நான் முணுமுணுத்ததுண்டு. தண்ணீர் குடிக்கவே மாட்டாள். இந்த வயதிலும் உடம்பு பெருக்காமல் இருக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நாளாக வீட்டுக்குள்ளேயே மகனின் பழைய சாக்ஸை ஒற்றைக் காலில் மாட்டிக்கொண்டு நொண்டினாள். துரைசானிக்குத் தரையில் கால் பட்டால் ஆகாதோ என்று மகனிடம் சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

ஒவ்வொன்றையும் பார்த்தேன். ஒவ்வொன்றையும் தப்பாகப் பார்த்தேன்.

மகள் உள்ளே வந்து தட்டைப் பிடுங்கினாள். “நாலு வருஷமா எங்கம்மா இளைச்சதுக்குக் காரணம் இப்பல்ல புரியுது. எங்கம்மா பசியோட பாத்துட்டு உக்காந்திருக்கா, நீ அவ முன்னாடியே முழுங்குற.”

மருமகள் வாயில் இருந்ததை விழுங்கினாள். “அண்ணி, அது எதுக்குன்னா…”

“ஒண்ணும் சொல்ல வேணாம்.”

“இல்ல அண்ணி, ஊட்டறதுக்கு முன்னாடி நீங்க ஒரு வாய்…”

“எங்கம்மாவுக்கு ஊட்ட நீ எனக்குச் சொல்லித் தர்றியா? தள்ளு. இன்னைக்கு நான் பாத்துக்கறேன்.”

மருமகள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் மகளை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. ரொம்ப நேரமாகக் காத்திருந்த பஸ் வந்துவிட்டது போல ஒரு அவசரம்.

“நிஜமாவா அண்ணி? சாயங்காலம் வரைக்கும் பாத்துப்பீங்களா?”

“ஏன், பாக்க மாட்டேனா?”

“அப்ப நான் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்.” சொல்லிக்கொண்டே பையை எடுத்துவிட்டாள். வாசல்வரை நொண்டிப் போனவள் திரும்பி, “கேஸை கீழ அடைச்சு வெச்சிருக்கேன். அத்தை திறந்துடுவாங்க, பாத்துக்குங்க” என்றாள். போய்விட்டாள்.

“பாத்தீங்களாப்பா? திட்டு வாங்கினதும் உடம்பு சரியில்லைன்னு கிளம்பிட்டா” என்றாள் மகள்.

என் சட்டைப் பையில் ஒரு சீட்டு இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மகள் ரொட்டியைப் பிய்த்து அம்மா வாயருகில் கொண்டுபோனாள். என் மனைவி வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

“அம்மா, நான்தாம்மா. உன் மக. ஆ காட்டு.”

“இன்னும் நேரம் ஆகல.”

“மணி ஒண்ணரை ஆச்சும்மா.”

“யாரு ருசி பாத்தது? யாரும் பாக்கல. நீ யாரு புதுசா? எந்தக் கான்ட்ராக்டர் ஆளு?”

மகள் கெஞ்சினாள். மிரட்டினாள். கன்னத்தைப் பிடித்து அழுத்தினாள். என் மனைவி கையை வீசியதில் தட்டு கவிழ்ந்தது. மகள் துடைத்துவிட்டு வேறு ரொட்டி கொண்டுவந்தாள். அதையும் என் மனைவி துப்பினாள். இடையில் மகள் பாத்ரூம் போய் வருவதற்குள் அம்மா சமையலறையில் நின்று அடுப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து, “ஏய், ஏய்” என்று மட்டும் சொன்னேன். நாலு வருஷமாக நான் இந்த வீட்டில் பார்த்த வேலை அதுதான்.

மூன்று மணி ஆகப்போயிற்று. மகளுக்கே பசி. அலுத்துப்போய்த் தரையில் உட்கார்ந்து, தட்டில் இருந்த ரொட்டியில் ஒரு துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். ஒரு மடக்குப் பாலும் குடித்தாள்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். “முழுங்கு. வாயத் திற, காட்டு. சரி, உக்காரு.” கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து மகளின் முகத்தைத் திருப்பிக் கண்ணைப் பார்த்தாள், நெற்றியில் கை வைத்தாள். “வயிறு வலிக்குதா? மயக்கம் வருதா? வரலியே? அப்ப பிள்ளைங்களைக் கூப்பிடு” என்று சொல்லிவிட்டுத் தட்டை இழுத்து மடியில் வைத்து, மிச்சம் இருந்ததையெல்லாம் தானே சாப்பிட்டாள்.

மகள் காலித் தட்டை எடுத்துப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“ஹாஸ்டல்ல இப்படித்தான் செய்வாங்களாப்பா? முதல்ல ஒருத்தர் சாப்பிட்டு, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னு பாத்துட்டுத்தான் பிள்ளைங்களுக்குப் போடுவாங்களா?”

“தெரியாது.”

“இருபத்தாறு வருஷம் அம்மா அங்க வேலை பாத்தா. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. கேட்டதில்லை. அவள் சாயங்காலம் புகை வாசனையோடு வருவாள், எனக்குச் சோறு போடுவாள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த அவள் வேலை. நாற்பது வருஷம் கூட வாழ்ந்த நான் கண்டுபிடிக்காததை வெளியிலிருந்து வந்த ஒருத்தி கண்டுபிடித்திருக்கிறாள். ஒரு நாளைக்கு நாலு வேளை, தான் முதலில் தின்று காட்டி மாமியாரைத் தின்ன வைத்திருக்கிறாள். நான் உட்கார்ந்து துண்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தெருவுக்கு வருகிற நர்ஸம்மா நோட்டும் பையுமாக வந்தாள். மாசம் ஒரு தடவை என் மனைவியைப் பார்த்துப் போகிறவள். பேச்சில் உப்பும் புளியும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

“எங்க உங்க மருமக?”

“ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா” என்றாள் மகள்.

“அப்பாடி! போயிட்டாளா? பதினோரு வாரமா தொண்டை கிழியக் கத்துறேன். அந்த விரலு கருத்துப் போச்சும்மா. ரத்தத்துல சர்க்கரை முந்நூத்தி எண்பது. மாத்திரை போடுறியான்னு கேட்டா சிரிக்கறா. நடக்கறியான்னு கேட்டா, அத்தை பின்னாடி ஓடறேனே அது போதாதாங்கறா.”

“அவளுக்குச் சர்க்கரையா?” மகள் குரல் கீழே போய்விட்டது. காலியான பால் டம்ளரைப் பார்த்தாள். “இதுல ரெண்டு கரண்டி சீனி போட்டிருக்கு.”

“தெரியும். சீனி இல்லேன்னா உங்கம்மா துப்பிடுவாங்களாம். இவளுக்கு ஒவ்வொரு வாயும் விஷம். கொறைச்சுக்கடின்னு சொன்னா, நான் சாப்பிடலைன்னா அத்தை பட்டினிங்கறா. தாகத்துக்குத் தண்ணி குடின்னா, குடிச்சா பாத்ரூம் போகணும், போனா அத்தை கேஸைத் திறந்துடுவாங்கங்கறா. எனக்கு எழுதக் குடுத்த நோட்டுல உங்கம்மாவுக்குத்தான் கட்டம் இருக்கு. பாத்துக்கறவளுக்குக் கட்டம் இல்ல. நானா ஓரத்துல எழுதி வெச்சேன்.” திரும்பி என்னிடம், “ஏன் ஐயா, பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி உங்க கையில குடுத்தேனே. வீட்டுக்குப் பெரியவரு சொன்னா கேப்பான்னு. உங்க மகன்கிட்ட குடுத்தீங்களா இல்லியா?”

மகளும் என்னைப் பார்த்தாள்.

“மறந்துட்டேன்” என்றேன்.

பொய். மறதி என் மனைவிக்கு நோய், எனக்கு வசதி. சீட்டைக் கையில் வாங்கிய அன்றைக்கே எனக்கு எல்லாம் கணக்காகப் புரிந்துவிட்டது. புண் கட்ட ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரச்சொல்லி எழுதியிருக்கிறாள். மருமகள் போனால் அரை நாள் ஆகும். அந்த அரை நாள் என் மனைவிக்குச் சோறு ஊட்டுவது யார், துணி மாற்றுவது யார், கழுவிவிடுவது யார்? வீட்டில் மிச்சம் நான்தான். அருவருப்பு என்று சொல்ல முடியுமா, கட்டின பெண்டாட்டியை? அதனால் மருமகள் நடிக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சீட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்தேன். சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைத்தேன். மறந்தவன் அப்படிச் செய்வானா?

சாயங்காலம் மருமகளிடமிருந்து போன் வந்தது. “மாமா, இங்கயே இருக்கச் சொல்லிட்டாங்க. அத்தை சாப்பிட்டாங்களா?”

மறுநாள் காலையில் வலது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். நாலு வாரம் முன்னால் வந்திருந்தால் ஒன்றைக்கூட எடுத்திருக்க மாட்டோம் என்று டாக்டர் மகனிடம் சொன்னாராம். சீட்டு என் பையில் இருந்தது ஐந்து வாரம்.

மகள் ஐந்து நாள் லீவு போட்டாள். மகன் நாலு நாள். இடையில் சம்பளத்துக்கு வந்த பெண் இரண்டாம் நாள் மத்தியானம் சொல்லாமல் போய்விட்டாள். பத்தாம் நாளிலிருந்து, வேறு வழியில்லாமல், நான்.

முதல் தடவை மனைவியைக் குளிப்பாட்டப் போனபோது, “வாட்ச்மேன் கையை எடு” என்று சொம்பால் அடித்தாள். நெற்றி வீங்கியது. அவள் பக்கம் நியாயம் இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் நாக்கு ஒட்டிக்கொண்டபோதுதான் கவனித்தேன், காலையிலிருந்து நான் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. பாத்ரூம் கதவும் திறந்தே கிடந்தது.

தெருவே எனக்காக உருகியது. எதிர்வீட்டுக்காரி குழம்பு கொடுத்தாள். “இந்த வயசுல உங்க தலையிலயா விழணும்? பாவம். மருமக எப்ப வருவா?” என்றாள். கடைக்காரர், “நீங்க மகான் ஐயா, எந்தப் புருஷன் செய்வான்?” என்றார். எனக்கு இருந்தது மூன்று நாள் அனுபவம், ஊரெல்லாம் மகான் பட்டம். நாலு வருஷம் செய்தவளுக்கு இந்தத் தெருவில் ஒருத்தர் ஒரு கரண்டிக் குழம்பு கொடுத்ததில்லை. கொடுக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை.

மகளை வீட்டில் வைத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருமகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரி, “வந்ததுலருந்து இப்படித்தான் தூங்கறா. விரல் வெட்ட வந்தாளா, தூங்க வந்தாளான்னு தெரியல” என்றாள். ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அவள் கண் விழித்துத் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பாதி குடித்த பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

“அம்மா, அந்தச் சீட்டு என்கிட்டதான் இருந்துச்சு.”

“தெரியும் மாமா. உங்க சட்டையைத் துவைக்க எடுக்கறது நான்தானே. நீங்க அதை மாத்தி மாத்தி வெச்சதைப் பாத்தேன்.”

“தெரிஞ்சும் ஏன் எடுத்துட்டுப் போகல?”

“எடுத்துட்டுப் போயிருந்தா அத்தைகிட்ட யாரு இருப்பா? நீங்களா எடுத்துக் குடுத்திருந்தா, ‘போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்’னு அர்த்தம். குடுப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்.” பாட்டிலை மூடிவிட்டு, “எனக்கும் தப்பு செஞ்ச மாதிரிதான் இருக்கு மாமா. பாதி நாள், அத்தை சீக்கிரம் தூங்கிட்டா போதும், எழுந்திருக்காட்டியும் பரவால்லன்னு நினைச்சிருக்கேன். அதுக்குத்தான் விரல் போச்சோ என்னவோ” என்றாள்.

“அப்படிச் சொல்லாதே.” பாவம் பண்ணியவன் நான், கணக்குக் கொடுத்துக்கொண்டிருப்பவள் அவள்.

பத்தொன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நானும் மகனும் போயிருந்தோம். வார்டு சிஸ்டர் ஒரு தாளோடு வந்தாள்.

“ஆறு வாரம் இந்தக் காலைத் தரையில ஊனக்கூடாது. தினம் ரெண்டு வேளை புண்ணைக் கழுவிக் கட்டணும். வீட்ல யாரு கட்டுவாங்க? பேர் சொல்லுங்க.”

மகன் சிரித்தான். “அவளே கட்டிப்பா சிஸ்டர். தையக்காரி, கை சுத்தம்.”

மருமகள் தலையணையில் சாய்ந்தபடியே சொன்னாள். “புண்ணையும் நானே கட்டிக்கிறேன். அத்தையையும் நானே பாத்துக்கிறேன். ஒத்தக் கால்ல நின்னு சமைச்சும் போடறேன். அப்ப நீங்க எல்லாம் எதுக்கு?”

“ஏய், என்ன பேச்சு? கிளம்பு. நாலு பேர் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். நாலு வருஷமா ஒருத்தரும் பாக்கல.” கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “சிஸ்டர், அந்தத் தாள்ல ஒரு பேர் எழுதற வரைக்கும் நான் இந்தக் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன்.”

சிஸ்டர் மகனைப் பார்த்தாள். மகன் கைப்பேசியைப் பார்த்தான்.

“என் பேரை எழுதுங்க” என்றேன்.

சிஸ்டர் சிரித்துவிட்டாள். “பெரியவரே, பொம்பளைங்க யாராவது இருக்காங்களான்னு கேக்கறேன். இவங்க அம்மா இல்லியா, தங்கச்சி இல்லியா?”

“ஏன், இவர் கைக்கு என்ன?” என்றாள் மருமகள். அவள் குரலில் எனக்கு ஆதரவு எதுவும் இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள். “எழுதறதுக்கு முன்னாடி இங்கயே ஒரு தடவை கட்டிக் காட்டச் சொல்லுங்க சிஸ்டர். வீட்டுக்குப் போனப்புறம் மறந்துட்டேன்னு சொல்லக்கூடாது.”

சிஸ்டர் சிரிப்பை நிறுத்தினாள். மருந்துத் தட்டைக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தாள். மகன், “அப்பா, வேணாம்” என்று என் தோளைத் தொட்டான். பக்கத்துக் கட்டில்காரி, மாமனார் மருமகள் காலைத் தொடுவதா என்று வாயைப் பொத்திக்கொண்டாள். வார்டில் இருந்த இருபது கட்டிலும் எங்கள் பக்கம் திரும்பின.

நான் தரையில் உட்கார்ந்து அந்தக் காலை எடுத்து என் மடியில் வைத்தேன். பழைய கட்டை அவிழ்த்தேன். இரண்டு விரல் இருந்த இடத்தில் தையல். சிஸ்டர் சொல்லச் சொல்லக் கழுவினேன், மருந்து வைத்தேன், துணியைச் சுற்றினேன்.

“இறுக்கமா இருக்கு மாமா. அவிழ்த்துட்டு மறுபடி கட்டுங்க.”

அவிழ்த்துக் கட்டினேன்.

“இப்ப தளர்ந்து போச்சு. மறுபடி.”

மறுபடி கட்டினேன். முழங்கால் மரத்துப் போயிற்று. “போதும்மா, நல்லாத்தான் கட்டியிருக்காரு” என்றாள் சிஸ்டர்.

மருமகள் காலை அசைத்துப் பார்த்தாள். இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை. எனக்கே தெரிந்தது.

“மறுபடி” என்றாள்.

அவிழ்த்தேன்.